நெடுக்காக ஒரு கீறல்

எனக்குக் கை சும்மா இருக்காது. வீட்டுக்குப் புதிய கதிரை ஒன்று வந்தால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஆணி எங்கே அடித்திருக்கிறான் என்று பார்க்காமல் உட்கார மாட்டேன். மணிக்கூடு இரண்டு நிமிடம் பிந்தினால் திறந்துவிடுவேன். மூடும்போது ஒரு திருகாணி மிச்சமாக இருக்கும். என் மனைவி இதற்காக என்னோடு ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. மிஞ்சிய திருகாணிகளைப் போட்டுவைக்க ஒரு பால்மாப் பேணியைக் குசினித் தட்டில் வைத்திருந்தாள். அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பாலையூற்றில் குடியிருந்தோம். கப்பலில் வருகிற சாமான்களுக்கெல்லாம் தடை விழுந்திருந்த காலம். பாணுக்கு வரிசை, சீலைக்கு வரிசை, சைக்கிள் டயருக்கு ஆளைப் பிடித்துக் கடிதம். துறைமுகப் பக்கம் இருந்த ஒரு வார்ப்புப் பட்டறையில் எனக்கு உலை வேலை. வெண்கலத்தை உருக்கி, மண் பெட்டிகளில் ஊற்றி, லோஞ்சுகளுக்கும் மீன்பிடி வள்ளங்களுக்கும் தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடி வார்த்துக் கொடுப்போம். அந்த வருசம் ஆவணியில் உலையின் உட்சுவர் வெடித்து விழுந்தது. உட்சுவருக்கு வேண்டிய கல் வெளிநாட்டிலிருந்து வருவது. உலைக்கல் என்போம். அது இனி வராது என்றார்கள். வீடு கட்டுகிற செங்கல்லை வைத்துக் கட்டிப் பார்த்தோம். ஒரே நாளில் அது சீனிப்பாணி காய்ச்சியது போல உருகி வழிந்து, வெண்கலத்தோடு கலந்து, எல்லாம் நாசம்.

அதன்பிறகு நாங்கள் எட்டுப் பேரும் காலையில் போய் வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் வருவோம். தை முடிவதற்குள் உலை மூளாவிட்டால் பட்டறையைப் பூட்டுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். வேலை செய்து களைத்த உடம்பைத் தாங்கலாம். வேலையில்லாமல் களைத்த கையை எங்கே வைப்பது? வாங்கின் காலைப் பிடுங்கித் திரும்பப் பூட்டினேன். இரண்டு தரம்.

ஆனால் உலையைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விடவில்லை. வீட்டில் அதைவிடப் பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. கலியாணமாகி ஐந்து வருசத்தில் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் மூன்றாம் மாதத்தைத் தாண்டாமல் போயின. இப்போது மூன்றாவது, கார்த்திகையில் ஐந்தாம் மாதம். மாமி, மனைவியின் தாய், தம்பலகாமத்திலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்டா. என் மனைவி கதவைச் சாத்துவதுகூட நித்திரையாகக் கிடக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் சாத்துகிற மாதிரித்தான். வயிற்றில் இருப்பதைப் பிள்ளை என்று அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. "இது" என்போம். "இது" இருக்குமா, போகுமா? எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை. நினைப்பைக் கழற்றிப் பூட்டவும் முடியாது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை மாமா மழையில் நனைந்துகொண்டு வந்தார். மகளின் சாதகத்தை அவரே கணித்து வைத்திருந்தார். ஏழரைச் சனி, நீலம் கட்டினால்தான் தப்பலாம் என்பது அவருடைய முடிவு. நீலக்கல் வாங்குகிற வீடு எங்களுடையது அல்ல என்பதால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றிருந்தது. அன்று அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் அவிழ்த்தார்.

"பிள்ளை, சனீஸ்வரன் தானாத் தந்திட்டார்," என்று மகளிடம் சொன்னார்.

சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கல். அகத்தி இலை போலத் தட்டை. நடுவில் கடும் நீலம், ஓரங்களுக்குப் போகப்போக வெளிறிக்கொண்டு போயிற்று. நீளவாட்டில் மெல்லிய வரிகள். வடிவான கல்தான், அதை மறுக்க மாட்டேன். கழுவின சீலைக்கரை மாதிரி ஒரு நீலம். தம்பலகாமத்தில் றோட்டோரம் நடந்து வரும்போது காலில் தட்டுப்பட்டது என்றார். நான் சந்தேகப்படுவேன் என்று அவருக்குத் தெரியும். பாக்குவெட்டியை எடுத்து அதன் முனையால் கல்லின் குறுக்கே அழுத்தி ஒரு இழுவை இழுத்தார்.

"பாத்தீங்களோ மருமகன்? ஒரு கீறலும் இல்லை. நீலத்தில இரும்பு ஏறாது."

உண்மையாகவே ஏறவில்லை. மாமி கையெடுத்துக் கும்பிட்டா. என் மனைவி கல்லைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

மாமா கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார், மற்ற இருவரும் அவருக்குச் சாப்பாடு வைக்கக் குசினிக்குப் போனார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சும்மா இருந்திருக்க வேண்டும். தையல் பெட்டியிலிருந்து கோணி ஊசியை எடுத்தேன். அவர் குறுக்கே இழுத்தார், நான் நெடுக்கே இழுத்தேன். ஊசி சத்தமில்லாமல் ஓடியது, நீலத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. திரும்பக் குறுக்கே இழுத்தேன், விழவில்லை. நெடுக்கே, விழுந்தது. ஒரே கல், ஒரே ஊசி. இப்படி ஒரு சாமானை நான் கண்டதில்லை. துப்பல் தொட்டுத் தேய்த்துக் கோட்டை மங்கச் செய்து, பொட்டலத்தைப் பழையபடி சுற்றிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

நீலத்தைச் சும்மா கட்டிவிட முடியாது. அது சிலரை வாழவைக்கும், சிலரைக் கவிழ்த்துவிடும் என்பார்கள். அதனால் சனிக்கிழமை நீலத் துணியில் முடிந்து கையில் கட்டி, மூன்று நாள் பார்க்க வேண்டும். கெட்டது நடந்தால் அன்றைக்கே கழற்றிக் கடலில் போட்டுவிட வேண்டும். நல்லது நடந்தால் கல் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். மாமி தன் பழைய சீலையில் கிழித்த நீலத் துண்டில் கல்லை வைத்து, மேலே கறுப்பு நூலைச் சுற்றித் தன் கையால் முடிந்து, மகளின் இடது கையில் கட்டினா.

அந்த மூன்று நாளையும் எனக்கு மறக்க ஏலாது. வீட்டில் எது நடந்தாலும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சனிக்கிழமை பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நல்ல குறி என்றா மாமி. பாலை வைத்துவிட்டு மகளின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றால் வழியாமல் என்ன செய்யும் என்று எனக்கு வாய்வரை வந்தது. ஞாயிறு காலையில் கிணற்றுக் கயிறு அறுந்து வாளி தண்ணீருக்குள் போனது. மாமாவின் முகம் செத்துவிட்டது. அந்தக் கயிறு இரண்டு மாதமாக நைந்துகொண்டிருந்தது, மாற்றாமல் விட்டது என் குற்றம், சனீஸ்வரனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சத்தம் போட்டேன். வாளியைக் கொக்கி போட்டு எடுத்து, அறுந்த இடத்தைப் பட்டறையில் இரும்புப் பெட்டி தூக்குகிற முடிச்சால் இறுக்கினேன். அது துறைமுக வேலைக்காரர் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

என் மனைவி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இதை இனி உங்களைத் தவிர ஒருத்தராலயும் அவிழ்க்க ஏலாது," என்றாள்.

திங்கட்கிழமை பகல் நான் பட்டறைக்குப் போகவில்லை. போயும் என்ன? குசினியிலிருந்து, "இஞ்ச ஒருக்கா வாங்கோ," என்று கூப்பிட்டாள். ஓடினேன். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த கை அந்தரத்தில் நிற்க, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னத் தட்டு. இன்னொன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொன்னேன். அன்று அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

கல் ஏற்றுக்கொண்டது. பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்து வீடு கழுவும்வரை மாமி போட்ட அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மாமா ஊருக்குப் போனார். குளிக்கும்போது மட்டும் மனைவி அதை அவிழ்க்காமல் கைவழியே உருவிச் சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். நானும் என் வாயைத் தைத்துக்கொண்டேன். ஊசி ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன, "இது" அசைகிறதே.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் மார்கழி மழையில், அந்தப் பட்டறை வாங்கில், வாயும் கையும் எத்தனை நாள் சும்மா இருக்கும்? என்னோடு உலையில் நின்ற கூட்டாளி ஒருவன் குறிஞ்சாக்கேணிக்காரன். தினமும் கிண்ணியாவில் பாதை என்கிற மிதவையில் ஏறித் துறை கடந்து வருவான். அவனுடைய மச்சினன் ஒருவர் தெற்கே கல் பட்டை தீட்டுகிறவர். ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவனிடம் கேட்டேன்.

"நீலமா? ஊசியா?" என்றான். "எந்தப் பக்கத்தால இழுத்தாலும் ஓடாது மச்சான். ஒன்ட மாமா கொண்டு வந்தது நீலமில்ல."

"அப்ப என்ன?"

"எனக்கு என்ன தெரியும்? பாத்தா வடிவா இருக்கிற கல்லெல்லாம் நீலமெண்டா கிண்ணியாவில எல்லாரும் மாளிகை கட்டியிருப்பம்."

பட்டறை ஸ்டோரில் கணக்கு எழுதுகிற கிளாக்கரையா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போன புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. உலை கட்டும் முறை பற்றியது. அதில் தேடி ஒரு பக்கத்தை எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். சேறு மண் பூமிக்குக் கீழே வெகு ஆழத்தில் போய், மேலிருந்து மலை அமுக்க, கீழிருந்து சூடு ஏற, நெடுங்காலம் கிடந்து கல்லாகும்போது சில இடங்களில் நீலமாகத் தகடு தகடாக விளைகிற ஒன்று. பெயர் கயனைற். நெடுக்கே கீறினால் மெது, குறுக்கே கீறினால் உறுதி. பட்டை தீட்டப் போனால் பிளந்துவிடும். ஆனால் நெருப்பில் போட்டால் நிறம் போய் வெளுத்து, ஊதிப் பெருத்துவிடும். வெண்கலம் உருகுகிற சூட்டுக்கு அது அசையாது. அதை அரைத்துக் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டு உலைக்கல் செய்கிறார்கள்.

கூட்டாளியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். நாங்கள் நாலு மாதமாக இல்லை இல்லை என்று அழுத சாமான் என் மனைவியின் கையில் கட்டியிருந்தது.

"ஒரு துண்டு கொண்டு வா," என்றான் அவன். "நகத்தளவு போதும். சுட்டுப் பாப்பம். சரியெண்டா எங்க எடுத்ததெண்டு ஒன்ட மாமாட்டக் கேட்டு அள்ளுவம்."

நான் முடியாது என்றேன். அன்றிரவும் அடுத்த இரண்டு நாளும் முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அவள் எண்ணெய் வைத்துக்கொண்டு மாமியோடு கிணற்றடிக்குப் போனாள். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் அந்த நீல முடிச்சுத் தொங்கியது. கிணற்றடியில் வாளி மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளங்கை அரித்தது.

மாமியின் முடிச்சைப் பல்லால் கவ்வி இழுத்தேன், அவிழ்ந்தது. கல்லின் நுனியில் ஒரு பொட்டுச் சில்லு தெறித்தால் போதும் என்று சின்ன உளியை நுனியில் வைத்து, சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டினேன். வெறும் ஒரு தட்டு. கல் நுனியில் உடையவில்லை. மேலிருந்து கீழ்வரை, நெடுக்காக, விறகு பிளந்தது மாதிரி இரண்டாகிவிட்டது.

புத்தகத்தில் சொல்லியிருந்தது. என் ஊசியும் சொல்லியிருந்தது. நான்தான் கேட்கவில்லை. கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு பாதியைத் துணியில் வைத்துச் சுற்றி, நூலை இழுத்துக் கட்டி ஆணியில் மாட்டினேன். மற்றப் பாதியை நெருப்புப் பெட்டிக்குள் போட்டுச் சாரத்து மடியில் சொருகிக்கொண்டு, அவர்கள் வருவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பட்டறையில் பெரிய உலைதான் செத்துக் கிடந்தது. இரும்பு காய்ச்சுகிற சின்ன உலை இருந்தது. கூட்டாளி சிரட்டைக்கரியை நிறைத்துத் துருத்தியைப் போட்டான். கல்லைச் சின்ன மூசையில், உலோகம் உருக்குகிற மண்குவளையில், வைத்து மூடி, மத்தியானம்வரை ஊதினோம். ஆறவிட்டுத் திறந்தால், நீலம் எங்கே போனதென்று தெரியாது. முட்டையோட்டு வெள்ளை. உருகவில்லை, ஓரம்கூட மழுங்கவில்லை. போனதைவிடப் பருத்திருந்தது. கொண்டு வந்த நெருப்புப் பெட்டிக்குள் திரும்பப் போகவில்லை. கூட்டாளி என்னைக் கட்டிப்பிடித்தான். கிளாக்கரையா அதை மாதிரிக்கென்று தன் மேசையில் ஒரு கடதாசியின் மேல் வைத்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் மற்றது நினைவுக்கு வந்தது.

இனி மாமாவிடம் கல் எங்கே எடுத்தது என்று கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பார். ஏன் என்றால் எல்லாம் வெளியே வரும். வந்தால் அவளுடைய நிம்மதி போகும். நிம்மதி போய் "இது"வும் போனால்? கூட்டாளி ஒவ்வொரு காலையும், "கேட்டியா?" என்பான். நாளைக்கு என்பேன். தை பிறந்துவிட்டது. வாங்கில் இருக்க முடியவில்லை, வீட்டிலும் இருக்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அவளும் மாறிப்போனாள். சிரிப்பு நின்றது. இரவில் அந்த முடிச்சைக் கைக்குள் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஏதாவது செய்கிறதா என்று கேட்டால், "ஒண்டுமில்லை," என்பாள். ஏழாம் மாதத்து அலுப்பு என்றா மாமி. நானும் அதை நம்பிக்கொண்டேன். நம்ப விருப்பமிருந்தது, நம்பினேன்.

தைப்பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில், காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பிடித்தாள். வலி. ஏழு மாதம்தான். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே கொண்டுபோனார்கள். தாதி வெளியே வந்து, வலியை நிறுத்தப் பார்க்கிறோம், நின்றால் நல்லது, பன்னிரண்டு மணிக்குப் பார்க்க விடுவோம் என்றா.

மாமி வாசலில் உட்கார்ந்து தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தா. எனக்கு உட்கார ஏலவில்லை. நான் சனீஸ்வரனை நம்பாதவன். பால் ஏன் வழிகிறது, கயிறு ஏன் அறுகிறது என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னவன். அந்த நான் சைக்கிள்கூட இல்லாமல், கடற்கரை றோட்டால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். முழுக்கல் இருந்தபோது பிள்ளை அசைந்தது, நான் பிளந்தேன், பிள்ளை போகிறது. தலைக்குள் வேறு ஒன்றும் இல்லை. கிளாக்கரையாவின் மேசையிலிருந்து அந்த வெள்ளைப் பாதியை எடுத்தேன். "ஏன் தம்பி, மாதிரி..." என்றார். வாசலுக்குத் திரும்பினேன். கூட்டாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையில் தந்தான்.

பன்னிரண்டு மணிக்கு உள்ளே விட்டார்கள். சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்து. இடது கையில் அந்த நீல முடிச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்து, கையை விரித்து வெள்ளைக் கல்லைக் காட்டினேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன். புத்தகம், உலை, உளி, ஊசி, பாக்குவெட்டி. அது நீலமே இல்லை என்பதையும் சொன்னேன்.

அவள் கல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள். "குளிச்சிட்டு வந்து எடுக்கேக்கயே தெரியும்."

"என்னெண்டு?"

தன் கையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். நீலத் துணியின் கழுத்தில் கறுப்பு நூல் இறுகிக் கிடந்தது. கிணற்றுக் கயிற்றில் நான் போட்ட அதே முடிச்சு. மாமியின் முடிச்சல்ல. அவசரத்தில் என் கை தனக்குத் தெரிந்ததைப் போட்டிருந்தது, என் கண் அதைக் காணவேயில்லை.

"அவிழ்த்துப் பாப்பமெண்டு பாத்தன். அவிழ்க்க ஏலேல்லை. தடவிப் பாத்தன், பாதிதான் கிடக்கு."

"அப்ப ஏன் என்னைக் கேக்கேல்லை? மூண்டு கிழமை..."

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்." முடிச்சை மற்றக் கையால் பொத்திக்கொண்டாள். "நீங்கள் கைவிட்டிட்டீங்கள் எண்டு நினைச்சன். இதுவும் நிக்காது, இனி இவளுக்குக் கல்லெதுக்கு எண்டு எடுத்திட்டீங்கள் எண்டு. நீங்களே நம்பாட்டி நான் என்னெண்டு தனியச் சுமக்கிறது?"

என் ஆயுளில் என்னை அப்படி யாரும் அடித்ததில்லை. நான் கல்லைப் பற்றியும் நெருப்பைப் பற்றியும் மூன்று கிழமை கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்த மூன்று கிழமையும் தனியாக இருந்திருக்கிறாள். எங்கள் வீட்டில், என் பக்கத்தில், அதே பாயில். இல்லை, நான் ஒருநாளும் கைவிடவில்லை, எனக்குப் பயம், கை சும்மா இருக்காத பயம், அவ்வளவுதான் என்று உளறினேன். அவளுடைய காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா.

"சரி, காணும்," என்றாள். "அதையும் சேர்த்துக் கட்டுங்கோ."

"இது நீலமில்லை எண்டு சொன்னனானெல்லோ."

"நீலமோ என்னவோ. உங்கட கையால கட்டுங்கோ. உங்கட முடிச்சே போடுங்கோ."

முடிச்சை அவிழ்த்தேன். அவள் சொன்னது சரி, எனக்குத்தான் அவிழ்ந்தது. வெள்ளையையும் நீலத்தையும் ஒன்றாக வைத்தேன். பிளந்த இடம் பொருந்தவில்லை, வெந்தது பருத்துவிட்டதே. துணியைச் சுற்றி நூலை எடுத்தேன். ஆயிரம் தரம் போட்ட முடிச்சு, கண்ணை மூடிக்கொண்டு போடுகிற முடிச்சு, அன்றைக்கு விரலுக்கு வரவில்லை. மூன்றாம் முறைதான் விழுந்தது. அவ்வளவு நேரமும் அவள் கையை நீட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தாள்.

அன்று பின்னேரம் வலி அடங்கியது. மருந்தால் அடங்கியது என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியும். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

உலையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழமையே கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்குப் போனேன். அவனுக்கும் அப்படி ஒரு கல் வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன், பிளந்ததைச் சொல்லவில்லை. கல் எடுத்த இடத்தைக் காட்டச் சொன்னதும் மாமா, கண்டி றோட்டில் ஒரு வளைவுக்குக் கூட்டிப்போய்த் தார் ஊற்றின றோட்டைக் காட்டினார். றோட்டுப் போடக் கொட்டிக்கிடந்த கிரவல் குவியலில் எடுத்ததாம். எந்த லொறி, எந்த மலையிலிருந்து கொண்டு வந்ததென்று ஒருவருக்கும் தெரியவில்லை. இன்னும் தேடியிருக்கலாமே என்றேன். "சாமி தேவைக்கு ஒண்டு தந்தது, மற்றதையும் தா எண்டு கிண்டுறதே?" என்றார். குவியலை உருளை போட்டு நசித்து, மேலே தாரும் ஊற்றி ஒரு மாதம். தை முடிந்தது, பட்டறை பூட்டப்பட்டது. நானும் கூட்டாளியும் லோஞ்சு எஞ்சின் திருத்தப் போனோம். எஞ்சினில் நெருப்புப் பொறி தட்டுகிற பிளக்கில் வெள்ளையாக ஒரு பீங்கான் கழுத்து இருக்கும். அதற்குள்ளும் அந்த நீலக்கல்லைச் சுட்டுச் சேர்ப்பதுண்டு என்று கிளாக்கரையா ஒருநாள் வழியில் கண்டு சொன்னார். இப்போதும் பஸ்ஸில் அந்த வளைவு வந்தால் எனக்குக் கால் நிலைகொள்ளாது. இறங்கிக் கிண்ட வேண்டும் போலிருக்கும்.

மகள் பங்குனியில் பிறந்தாள். மாதம் நிறைந்து, கத்திக்கொண்டு.

முப்பத்தொன்றில் வீடு கழுவித் தீர்த்தம் தெளித்த பிறகு, முடிச்சை அவிழ்த்து நீலத்தைத் தட்டாரிடம் கொடுத்து மோதிரம் கட்டுவிக்க வேண்டும் என்று மாமா சப்பாணி கட்டி உட்கார்ந்தார். மாமி குழந்தையை மடியில் வைத்திருந்தா. மாமாவால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கடைசியில் பாக்குவெட்டியால் நூலை அறுத்தார். துணியை விரித்தவர் அப்படியே இருந்துவிட்டார். ஒரு பாதி நீலம், ஒரு பாதி வெள்ளை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல்.

"இதென்ன பிள்ளை?" என்றார். "இது ஏன் பிளந்தது? ஏன் இப்பிடி வெளுத்துப்போச்சு?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. சேறு, மலை, சூடு, நெடுக்கே மெது, குறுக்கே உறுதி, எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. பாக்குவெட்டி அவர் கையிலேயே இருந்தது, ஒரு இழுவையில் காட்டிவிடலாம். வாயைத் திறந்தேன். என் மனைவி பாயில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய கை வந்து என் கையின் மேல் அமர்ந்து, அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பிள்ளைக்கு வந்ததை அது வாங்கிக்கொண்டுது அப்பா," என்றாள்.

மாமா இரண்டு துண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் மனைவி அப்பாவுக்குப் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அவள் என் கையை விடவேயில்லை, நானும் அதை அசைக்கவில்லை.